வேகமாக்கச் சொன்னவருக்கு

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பிள்ளைகளும் உடம்புக்குச் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கலாம் என்று நாலைந்து நாளாகப் போன் அடிக்கிறேன், நீங்கள் எடுப்பதில்லை. அதனால் மெயிலில் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபப்படுங்கள், பரவாயில்லை. படிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. வெளிநாடு போகும்போது உங்கள் நாற்காலியில் அவனை உட்காரவைத்துவிட்டுப் போனீர்கள். மருந்து மொத்த வியாபாரத்தின் சர்வரை ஒற்றை ஆளாகப் பார்ப்பது சின்ன வேலையா? அங்கேயே பில் போடுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? புது மென்பொருள் வந்த பிறகு ஒரு பில் திறப்பதற்குள் கடைக்காரருக்குத் தாடி முளைத்துவிடும். முதலாளி எல்லார் முன்னாலும் அவனைக் கடித்துக் குதறினார். மெமரியைக் கூட்டினான், சீக்கிரம் தேடிக் கிடைக்க இண்டெக்ஸ் போட்டான். ஆமை ஆமையாகவே இருந்தது.

அப்போதுதான் உங்களைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான், நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எழுதியது டிஸ்கில் பதிந்ததா என்று டேட்டாபேஸ் ஒவ்வொரு தடவையும் நின்று பார்க்கிறது, அதை நிறுத்திவிடு, பறக்கும் என்றீர்கள். கரண்ட் போனா என்னண்ணா பண்றது என்று அவன் இழுத்தான். யூபிஎஸ் எதுக்குடா இருக்கு, பயந்தாங்கொள்ளி என்று சிரித்தீர்கள்.

பறக்கத்தான் செய்தது. முதலாளி அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது ஒருவருக்கும் தெரியாது.

கரண்ட் போன அன்று காலையில்தான், குழந்தைகள் சிரப் ஒன்றில் கோளாறு, அந்தச் சரக்கை அனுப்பாதீர்கள் என்று தயாரிப்பாளர் போனில் சொல்லியிருந்தார். ஸ்டோர்காரர் உடனே அதற்கு பில் விழாதபடி கணினியில் தடை போட்டார். மத்தியானம் கரண்ட் போனது; பதிந்ததா என்று பார்ப்பதை நிறுத்தியிருந்ததால் டேட்டாபேஸ் உடைந்தது. முந்தின நாள் பேக்கப்பைப் போட்டு எழுப்பினார்கள். பில்களைக் காகிதம் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். அன்று காலையில் போட்ட தடையும் அழிந்துபோயிருந்தது, அதற்கு ஏது காகிதம்? அது இருக்கிறதென்றே ஸ்டோர்காரர் நினைத்துக்கொண்டார். மறுநாள் அந்தச் சிரப்புக்கு பில் அடித்தது என் கைதான்.

அதைக் குடித்த குழந்தை ஒன்று ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. நம் சின்னவள் வயது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணால் பார்க்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன் என்று போலீஸில் எழுதிக் கொடுக்கப்போகிறானாம் உங்கள் தம்பி. அண்ணன் பேரு வந்தா அங்க வேலை போயிடும் அண்ணி, நீங்க வாயத் திறக்காதீங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னையும்தான். கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. உங்களைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வராது. அதற்குள் நீங்களே முதலாளியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வேலை போனால் போகட்டும், கஞ்சியோ கூழோ குடித்துக்கொள்ளலாம்.

கடவுள் உங்களுக்கு நல்ல புத்தியும் தைரியமும் கொடுக்கட்டும். அண்ணன்கிட்டேருந்து போன் வந்துச்சா அண்ணி என்று இப்போதுகூட வந்து கேட்டுவிட்டுப் போகிறான். வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி