குஸ்கா கல்லி என்றே இருக்கும்

ஜோகுபாளையம், பெங்களூர்
22.1.2006

அன்புள்ள கவினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே பனி கொட்டுகிறது என்று டிவியில் காட்டினார்கள், நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போவாய் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறையவில்லை, ஆனாலும் ஏரிக்கரை நடையை விடவில்லை. அடுகோடியில் உன் அக்கா அனுஷாவின் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

நம் சந்தின் கடைசியில், மரக்கடை இருந்த இடத்தில் எழும்பிய அடுக்குமாடியில் நீ வீடு வாங்கியதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். போன மாதம் அந்தக் கட்டடத்துச் சங்கச் செயலாளர் ரகுராம் எங்கள் எல்லோரையும் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, காபி கொடுத்து, இந்தச் சந்துக்குக் குஸ்கா கல்லி வேண்டாம், இனிமேல் லேக் வியூ அவென்யூ என்று பெயர், மாநகராட்சிக்கு மனு கொடுக்கிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றார். "குஸ்கா கல்லின்னு அட்ரஸ் சொல்லவே கூச்சமா இருக்கு ஆன்ட்டி, ஆபீஸ்ல சிரிக்கிறாங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் "உங்க மகனே இமெயில்ல ஓகே சொல்லிட்டாரு" என்று தாளை நீட்டினார். அதில் உன் பெயர் இருந்தது. அத்தனை பேர் நடுவில் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். அன்றைக்கே போனில் கேட்டேன். கறி வாங்க வக்கில்லாதவன் சாப்பிடுவதுதான் குஸ்கா, பள்ளிக்கூடத்தில் என்னை அந்தப் பெயர் சொல்லித்தான் கேலி செய்தார்கள், அது ஒழியட்டும், நீ சண்டைக்குப் போகாதே என்றாய்.

அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா. நீ அப்போது சின்னப் பையன், சாப்பிட்டது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். தொண்ணூற்றொன்று டிசம்பர், காவிரித் தகராறு. தமிழ் பேசவே பயந்த நேரம். ஒரு மத்தியானம் தடியோடு ஒரு கும்பல் சந்து முனைக்கு வந்து எந்தெந்த வீடு தமிழர் வீடு என்று கேட்டது. உன்னையும் அக்காவையும் தன் வீட்டு உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திய பக்கத்து வீட்டு லட்சுமம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அவர்கள் எதிரே நின்று, "இல்லிரோரெல்லா நம்ம மக்களே, ஹோகி" என்றாள். இங்கே இருப்பவர்கள் எல்லாம் எங்கள் பிள்ளைகள், போங்கள் என்று கன்னடத்தில் அவள் போட்ட சத்தம் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. அவர்கள் போய்விட்டார்கள். அப்புறம் ஊரடங்கு. கடை கிடையாது, பால் கிடையாது, வீடுகளில் அரிசி தீர்ந்துபோயிற்று. முனையில் பிரியாணிக் கடை வைத்திருந்த பாஷா பாய் கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தார். அவர் பின்கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டு, "கறி ஒரு துண்டு இல்ல அக்கா, அரிசி இருக்கு, மசாலா இருக்கு, குஸ்கா போட்டுறலாமா" என்றார். நானும் இன்னும் சில பெண்களும் வெங்காயம் உரித்தோம், அப்பா விறகு பிளந்தார். லட்சுமம்மா வீட்டில் முட்டைகூடச் சேர்க்க மாட்டார்கள். அவள் வந்து அடுப்பில் இருந்த தேக்சாவை எட்டிப் பார்த்து, கறி இல்லைதானே, அப்படியானால் எங்களுக்கும் போடுங்கள் என்று தட்டை நீட்டினாள். கறி இருந்திருந்தால் அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள் கவின். இல்லாததால்தான் சந்து மொத்தமும் ஒரே சோற்றைத் தின்றது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் சாப்பிட்டார்கள். பசியோடு வந்த அடுத்த ஆட்களிடம், அந்தக் குஸ்கா கல்லிக்குப் போங்கள் என்று அவர்கள்தான் சொல்லி அனுப்பினார்கள். ஊரடங்கு விலகிய பிறகு ஆட்டோக்காரர்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். குஸ்கா என்றால் உருதுவில் வறண்டது, வெறும் சோறு என்று அர்த்தமாம், பாய் ஒரு தடவை சொன்னார். இருக்கட்டும். அந்த வெறும் சோறுதான் அன்றைக்கு உன் வயிற்றில் விழுந்தது.

அதனால் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். பெங்களூர் என்ற பேரே பசித்து வந்த ராஜாவுக்கு ஒரு கிழவி அவித்துக் கொடுத்த பயற்றால் வந்தது என்று கதை சொல்கிறார்கள், பெங்களூரு என்று மாற்றப் போகிறோம் என்று கவர்மெண்டே பெருமையாகச் சொல்கிறது. அல்சூரைப் பலாமர ஊர் என்கிறார்கள். பயறுக்கும் பலாவுக்கும் வராத வெட்கம் எங்கள் சோற்றுக்கு மட்டும் ஏன் வரவேண்டும் என்று கேட்டேன். ரகுராம், "பட் ஆன்ட்டி, உங்க மகன்" என்று ஆரம்பித்தார். அவன் கையெழுத்து அவனுடையது, என் கையெழுத்து என்னுடையது, நான் போட மாட்டேன் என்றேன். லட்சுமம்மாவும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மற்றவர்கள் பெரும்பாலும் போட்டுவிட்டார்கள், அதை மறைக்கவில்லை. மாநகராட்சி பதில் வருவதற்கு முன்பே முனையில் பச்சைப் பலகை ஒன்றை நட்டுவிட்டார்கள். லேக் வியூவாம், நாலாவது மாடிக்குப் போனால்தான் ஏரி தெரியும்.

மறுநாளே பெயிண்டரைக் கூப்பிட்டு நம் வீட்டு வெளிச்சுவரில், முனையில் திரும்பினாலே தெரிகிற மாதிரி, குஸ்கா கல்லி என்று எழுதச் சொன்னேன். மேலே கன்னடம், கீழே தமிழ், அதற்கும் கீழே உருது. "எதுக்கு தமயந்தி வீண் வம்பு" என்ற அப்பாதான் கடைசியில் அந்த முட்டியோடு ஏணியைப் பிடித்துக்கொண்டார். ரகுராம் வந்து சங்க விதிப்படி இதை அழிக்க வேண்டும் என்றார். சுவர் எங்களுடையது, இந்தச் சந்தில் உங்கள் சங்கத்துக்கு முன்பே நின்ற சுவர், நீங்கள் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். எழுத்து அப்படியே இருக்கிறது.

உன் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள் என்று நான் கெஞ்சப் போவதில்லை. வளர்ந்த பிள்ளை, உனக்கே தோன்ற வேண்டும். தோன்றாவிட்டாலும் நீ என் பிள்ளைதான், உன் வீட்டுப் பால் காய்ச்ச நான்தான் வருவேன். ஆனால் சுவரில் இருப்பதை உனக்காகவும் அழிக்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, நூறு வயசு நன்றாக இரு. சித்திரையில் வரும்போது ஏர்போர்ட்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் லேக் வியூ அவென்யூ என்றே சொல்லிப் பார். அவர் உன்னை எங்கே கொண்டுபோய் இறக்குகிறாரோ அங்கிருந்து போன் பண்ணு, நான் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உன் அம்மா
தமயந்தி கணேசமூர்த்தி
குஸ்கா கல்லி, ஜோகுபாளையம்