சிவப்பு அட்டை இம்பெல்லர் புத்தகம்

மார்ச் 11, திங்கள்
காலையிலேயே வெயில். காந்திபுரத்தில் பஸ் மாறி லைப்ரரி சேர்வதற்குள் சட்டை நனைஞ்சுபோச்சு. வேண்டியது பம்ப் இம்பெல்லர் (உள்ளே சுத்தும் சக்கரம்) டிசைன் புக், சிவப்பு அட்டை. ஒரே காப்பி. வெளியே தரமாட்டார்கள். ஜெராக்ஸ் மெஷின் படுத்த படுக்கை. பிளேடு கோண டேபிள் இல்லாமல் புதன்கிழமை புராஜெக்ட் ரிவ்யூவுக்கு வராதே என்று கைடு சொல்லியாச்சு. கையால் பாதி எழுதினேன், மணி அடிச்சுட்டான். வேறு எவனும் எடுத்துவிடக் கூடாதே. எல்லாரும் செய்வதுதான், பட்டுப்பூச்சி வளர்ப்பு ரேக்கில் பின்வரிசையில் சொருகிவிட்டு வந்தேன்.

12, செவ்வாய்
பட்டுப்பூச்சியில் புக் இல்லை. ஜன்னலோர மேசையில் என் கிளாஸ் சாந்தாமணி. கையில் சிவப்பு அட்டை.

"அது நான் ஒளிச்சு வெச்சது."

"போன வாரம் நானும் அங்கதானுங்க ஒளிச்சேன். வேற நல்ல எடமாப் பாருங்க."

நாளைக்கு ரிவ்யூ என்றேன். "எனக்கு வெள்ளிக்கிழமைதானுங்க. எழுதுங்க, படிச்சுச் சொல்றேன்." தசமம் தசமமாகப் படிச்சுது. நடுவில் என் கையெழுத்தைப் பார்த்து, "இது ஏழுங்களா, ஒண்ணுங்களா?" ஏழு.

மணி அடிச்சதும் புக்கை மண்ணியல் ரேக்கில் சொருகிச்சு. என் கண்ணெதிரேயே.

13, புதன்
ரிவ்யூ முடிஞ்சது. கைடு தலையை ஆட்டினார். அந்த ஆளுக்கு அதுவே பெரிசு.

சாயங்காலம் லைப்ரரி. அட்டெண்டர் மண்ணியல் புக்கையெல்லாம் தரையில் இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். சா.வுக்கு நாளைக்குச் சிவப்பு அட்டை வேணும், இவர் எங்கேயாவது மாத்தி வெச்சுட்டால் போச்சு. எடுத்துக்கொண்டுபோய் நம்பர்படி சரியான இடத்தில் வெச்சேன். வந்ததும் கிடைக்கும். சொல்லிவிடலாம் என்று லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு.

14, வியாழன்
லேப் முடிஞ்சு போனபோது மத்தியானம் தாண்டிருச்சு. சா. மண்ணியல் ரேக் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்துச்சு. சுத்தியும் புத்தகம். பட்டுப்பூச்சி, தென்னை, தேனீ எல்லாம் தேடியாச்சாம். முகம் கொடுக்கலை.

"உங்க வேலை முடிஞ்சுபோச்சில்லீங்க. அப்புறம் எதுக்கு ஒளிச்சீங்க?"

"ஒளிக்கலை. அதோட எடத்துல வெச்சேன்."

"எந்த எடம்?"

"நம்பர் போட்ட எடம்."

சுத்தியிருந்த புத்தகக் குவியலைப் பார்த்துச்சு. பிறகு, "அங்க மட்டும் பாக்கலீங்க."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். கன்னத்தில் தூசி என்றேன். "தெரியுமுங்க. உங்களால வந்ததுதான். உக்காந்து படிங்க."

நான் படிக்க, சா. எழுத. எழுத வேண்டிய டேபிள் பெரிசு. சாப்பிட எழுந்திருக்கலை ரெண்டு பேரும். கடைசிப் பக்கம் வந்தபோது அட்டெண்டர்: "ஏனுங்க, லைட்டை அணைக்கட்டுங்களா?" சா. சிரிச்சுக்கொண்டே, "அண்ணா, இன்னும் ஒரே பக்கமுங்க." நான் வேகத்தைக் கூட்டினேன்.

"மெதுவாப் படிங்க," என்றது, தலை நிமிராமலே.

மெதுவாகப் படிச்சேன்.