ஏழாம் கூண்டின் பேரப்பிள்ளைகள்

பிப்ரவரி 3
எவரும் நம்ப முடியாத கதையொன்றை இந்த நோட்டில் எழுதப்போகிறேன் என்று மனமார உறுதி கூறுகிறேன். நான் ஆராய்ச்சிக்கூடத்து எலிப் பேரரசின் சக்கரவர்த்தி. அதாவது கூண்டு கழுவுபவன். நான் நுழைந்தால் எண்ணூறு எலிகளும் எழுந்து நின்று வணங்கும்.

போன வருஷம் பேராசிரியை ஓர் ஆணை போட்டார். பிறந்த குட்டிகளைத் தினமும் மூன்று மணி நேரம் தாயிடமிருந்து பிரித்துவைக்க வேண்டும், இரண்டு வாரம். அந்தப் பயம் அவற்றின் பேரக்குட்டிகளின் உடம்பிலும் இருக்கிறதா என்று இப்போது பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 11
இதுவரை சோதித்த பேரக்குட்டிகள் எல்லாம் சிங்கங்கள். நடுவெளிச்சத்தில் நெஞ்சை நிமிர்த்தி உலா வருகின்றன. பயம் இறங்கவில்லை என்கிறார் பேராசிரியை.

பிப்ரவரி 12
அக்கா மகளிடம் சொன்னேன். அவளுக்கு ஆறாம் மாதம். என் அக்கா கைக்குழந்தையாக ஒரு வருஷம் காப்பகத்தில் கிடந்தவள். கதவு தட்டினால் சாகும்வரை நடுங்கினாள். இவளுக்கும் தூக்கமில்லை, படபடப்பு. வயிற்றுப்பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று வாராவாரம் மனநல மருத்துவரிடம் போகிறாள்.

“அப்போ நான் போக வேணாம்ல மாமா?”

பேரரசின் சார்பில் விலக்கு அளித்தேன்.

பிப்ரவரி 20
போவதை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 2
ஏழாம் கூண்டின் பேரக்குட்டிகளையும் இன்று சோதித்தார்கள். மூன்றும் மூலையில் ஒட்டிக்கொண்டன. தாயை விட்டு ஒரு நிமிஷமும் பிரியாதவை. மூடியைத் தூக்கினால் மூச்சுகூட விடுவதில்லை. ஒரு கூண்டுதானே, கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிடலாம் என்றார் பேராசிரியை.

இந்தக் கூண்டில் மட்டும் என்ன?

மார்ச் 3
என்னவென்று எனக்குத் தெரியும். என் நோட்டிலேயே எனக்குப் பொய்.

போன வருஷம், ஆட்கள் நகர்ந்த ஐந்தாவது நிமிஷமே குட்டிகளைத் தாயிடம் விட்டுவிடுவேன். கண் திறக்காதவை காற்றைத் துழாவுவதைப் பார்க்க முடியவில்லை. பதிவேட்டில் ‘மூன்று மணி’ என்று முத்துமுத்தாக எழுதினேன். ஏழாம் கூண்டின் முறை வந்த இரண்டு வாரமும் எனக்குக் காய்ச்சல். பதிலுக்கு வந்தவர் நேர்மையானவர். மூன்று மணி என்றால் மூன்று மணி.

அக்கா மகளிடம் சொன்ன அன்றும் இது தெரியாதா எனக்கு? அவள் முகம் தெளிந்தால் போதும் என்று — சே.

மார்ச் 5
சொல்லிவிடத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். காற்றில் கதவு அறைந்தது. சுவரோரம் உறைந்து நின்றாள், கை வயிற்றில்.

“சத்தம் கேட்டா இதுவும் உள்ள அசையாம நின்னுடுது மாமா.”

ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு வந்தேன். கோழை.

மார்ச் 9
பேராசிரியையிடம் ஒப்புக்கொண்டேன். “எலி சலாம் போடுதுன்னு சொல்ற ஆளு நீங்க. இதையும் நம்பணுமா?” கட்டுரை நாளை அனுப்பப்படுகிறதாம்.

மார்ச் 10
அவளிடமும் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள். சிரிக்காதே என்றேன். அப்படி ஒரு வார்த்தையை என் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. நம்பிவிட்டாள்.

மார்ச் 12
மருத்துவமனை பெஞ்சில் எழுதுகிறேன். மனநல மருத்துவரிடம் அவளுக்கிருந்த வாராந்திர நேரத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். இடையில் இடம் கிடைத்தால் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் வயிற்றை அழுத்திப் பிடித்து, அசைவுக்குக் காத்திருக்கிறாள்.

“நீங்க சொன்னதுல எதுதான் மாமா நிஜம்?”

பேரரசு பொய். வணக்கம் பொய். சிங்கங்கள் என் கைவேலை. காய்ச்சல் வந்தது மட்டும் நிஜம் என்றேன்.