பெஞ்சு போட ஒரு சுவர்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நான் நலம், உன் அத்தை நலம், உன் மாமா வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம். உன் அப்பா முக்கால் நலம். மீதிக் கால் எங்கே போயிற்று என்று உடனே போனை எடுக்காதே கண்ணு, முழுக்கப் படி, இப்போது அவர் பட்டறையில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார், சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது, அதனால் பயப்பட ஒன்றும் இல்லை. இதையெல்லாம் போனில் சொன்னால் நீ முதல் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், பின்பாதிதான் சிரிப்பு, அதைக் கேட்க ஆள் இருக்காது. தவிர, நான் போனில் வாயைத் திறந்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து சுவரில் ஆணி தேடுவதுபோல நிற்கிறார். பக்கத்து வீட்டு லாரி டிரைவர் உன் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்பினால் நீ மேல்படிப்புக்குப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாளுக்கு முன்னால் கையில் கிடைத்துவிடும் என்றார்.

முதலில் நீ போன வாரம் போனில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வாயால சரின்னு சொல்லாம ரேடியாலஜியைப் போட மாட்டேன், பேசாம சர்ஜரியே எடுத்துடறேன்மா என்று ஒரு குரலில் சொன்னாயே, அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை. சோபாவுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். நீ ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தபோது யாரோ ஒரு பெரியவரின் எக்ஸ்ரேயில் மற்றவர்கள் எல்லாம் கவனிக்காமல் விட்ட ஒரு சின்னக் கோட்டைக் கண்டுபிடித்தாய் என்று அன்றைக்குச் சாயங்காலம் போன் செய்து மூச்சு விடாமல் பேசினாயே, எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. ஆபரேஷன் தியேட்டரைப் பற்றி நீ பேசும்போது அங்கே ஏசி அதிகம் என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாதா.

உன் அப்பா ஏன் இப்படி முறுக்கிக்கொண்டு நின்றார் என்பதற்கு நான் உனக்குச் சொல்லாத ஒரு காரணம் இருக்கிறது. பரீட்சை முடிவு வந்து, எந்தப் பிரிவு கேட்டாலும் கிடைக்கும் அளவுக்கு நீ முன்னால் வந்திருக்கிறாய் என்று தெரிந்ததும், இந்த மனுஷன் பட்டறையில் வந்த வேலையை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, யாருக்கும் கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த தேக்குப் பலகையை எடுத்து ஒரு பெஞ்சு செய்தார். சாய்ந்துகொள்ள முதுகுப் பலகை, கை வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் வளைவு, முட்டி வலிக்காரர்கள் எழுந்திருக்கச் சௌகரியமாக உயரம் கொஞ்சம் கூட்டி. முன்னறையில் இருந்த டிவியை என்னைக் கேட்காமல் உள்ளே தள்ளிவிட்டு அதைச் சுவரோரம் போட்டார். உள்ளறையில் நீ, வெளியே பெஞ்சில் நோயாளிகள், நடுவில் வாசற்படியில் இவர், இதுதான் கணக்கு. ஒருநாள் காலையில் முகம் மழித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்து, அடுத்தது யாரு, அடுத்தது யாரு என்று விதவிதமான குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நிற்பதைக் கவனித்ததும் பாட்டுப் பாடினேன் என்றார். உன் அப்பா பாடி நீ கேட்டிருக்கிறாயா.

அதற்குள்ளேதான் நீ ரேடியாலஜி என்றாய். நோயாளிங்க வீட்டுக்கு வருவாங்களா என்று கேட்டார், வரமாட்டார்கள் என்றாய். மெஷினை வீட்டுக்குக் கொண்டு வரலாமா என்று கேட்டார், அதற்கு நம் வீட்டை இடித்து வேறு வீடு கட்ட வேண்டும் என்றாய். அவ்வளவுதான், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அத்தை வேறு, போட்டோ புடிக்கறதுக்கா இந்தப் புள்ளை இவ்ளோ படிச்சுது என்று எண்ணெய் ஊற்றினாள். இருட்டு ரூம்ல உக்காந்து படம் பார்க்கிறவ எப்படி டாக்டர், நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறவதான் டாக்டர், கத்தி எடுக்கிறவதான் டாக்டர் என்று உன் அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அதற்கப்புறம்தான் நீ போன் செய்தால் உங்க அம்மாகிட்டப் பேசு என்று என்னிடம் நீட்டிவிட்டுப் போனது. பெஞ்சு மட்டும் சும்மா இல்லை. போகிற வருகிற ஆட்கள் எல்லாம் உட்கார்ந்து கால் வலி, கை வலி என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நானும் தண்ணீர் கொடுத்து, டாக்டர் இன்னும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தக் கால் பங்கு விஷயம். போன செவ்வாய்க்கிழமை காலையில் பட்டறைக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்து அதே பெஞ்சில் சுருண்டு படுத்துவிட்டார். வலது பக்கம் அடிவயிற்றில் வலி. நான் உன் மாமாவைக் கூப்பிட்டேன். உன் மாமா வந்தார். என் அண்ணன்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஓய்வு பெற்ற நாளிலிருந்து உடம்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை. ஒரு அழுத்து அழுத்தினார், உன் அப்பா ஒரு கத்து கத்தினார், அப்பண்டிக்ஸ், சந்தேகமே இல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலும் சர்ஜன் அழுத்திப் பார்த்துவிட்டு, அப்படித்தான் தெரியுது, ஸ்கேன் பார்த்துட்டு இன்னைக்கே எடுத்துடலாம் என்றார். எனக்கு உயிர் கையில் இல்லை. உன் அப்பாவுக்கு அந்த வலியிலும் ஒரு பெருமை. பெரிய சர்ஜன் கையால் ஆபரேஷன், சும்மாவா. பார்த்தியா, சர்ஜன்னா எப்படி இருக்கார் பாரு என்று என் காதில் முனகினார். உனக்குப் போன் செய்யலாமா என்றேன், அவ இருட்டு ரூம்லயே இருக்கட்டும் என்றார். வலிக்கிறவனிடம் சண்டை போடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

ஸ்கேன் அறை வாசலில் ஒரு சிஸ்டர் வந்து, நல்லா தண்ணி குடிங்க, மூத்திரப்பை நிறையணும், முட்டிக்கிட்டு வந்தாலும் போகாதீங்க, அடக்கிக்கிட்டுக் கூப்பிடுங்க என்று ஒரு குடம் மாதிரி ஜாடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். உன் அப்பாவுக்கு அடக்கமெல்லாம் எதிலும் வராது என்பது உனக்குத் தெரியும். அதோடு உன் மாமா, நோயாளிக்குத் தைரியம் வரணும்னா கூட வந்தவங்களும் குடிக்கணும் என்று சொல்லி இவருக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர் என்று ஊற்றி ஊற்றிக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மாத்திரை வாங்கப் போய் வருவதற்குள் உன் அப்பா நைசாகப் பாத்ரூம் போய்விட்டு வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டியவருக்குப் பை காலி. எடுக்க வேண்டாதவர் முகமெல்லாம் வியர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இம்மி பிசகாமல் உட்கார்ந்திருக்கிறார். பேசாமல் அண்ணனையே படுக்க வைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது உண்மை.

உள்ளே இருந்த டாக்டர் ஒரு பெண் கண்ணு, உன் வயதைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். வயிற்றில் அந்தக் குளிர்ந்த ஜெல்லைத் தடவியதும் உன் அப்பா துள்ளினார். இருட்டில் ஸ்கிரீன் வெளிச்சம் மட்டும்தான். அந்தப் பெண் ஒரு கையால் கருவியை அழுத்திக்கொண்டு, இங்க வலிக்குதா ஐயா, இங்க, இங்க என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டது. சர்ஜன் தொட்டதைவிட அதிகமாகவே தொட்டது. உன் அப்பாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, ஏம்மா, உனக்கு சர்ஜரி கிடைக்கலையா என்று கேட்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் சிரித்தது. கிடைச்சுதுங்க ஐயா, நான்தான் இதைக் கேட்டு வாங்கினேன், மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க என்றது. அவர் பிடித்தார். இத்தனை வருஷத்தில் உன் அப்பா எதிர்வாதம் பேசாமல் ஒரு பதிலைக் கேட்டுக்கொண்டது அன்றைக்குத்தான், அதுவும் மூச்சைப் பிடித்திருந்ததால்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெரிய சர்ஜனே வந்தார். வந்து, உள்ளே வராமல், வாசலிலேயே நின்று, என்ன மேடம், அப்பண்டிக்ஸ்தானே, தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லட்டுமா என்று கேட்டார். அந்தப் பெண் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுங்க சார், பை நிறையல, இவர் போயிட்டு வந்துட்டார், மறுபடி தண்ணி குடிக்கட்டும், பார்க்காம கத்தி வைக்க வேண்டாம் என்றது. சர்ஜன் சரி மேடம் என்று போய்விட்டார். உன் அப்பா படுத்தபடியே அந்தக் கதவைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். இந்த முறை ஜாடிக்கும் அவருக்கும் நடுவில் நானே காவலுக்கு உட்கார்ந்தேன். பாத்ரூம் பக்கம் திரும்பினாலே முறைத்தேன். உன் மாமாவை மட்டும் போகச் சொன்னேன், அவர் போன வேகத்தைப் பார்த்து வாட்ச்மேன் எழுந்து வழிவிட்டார்.

இரண்டாம் தடவை பார்த்தபோது அந்தப் பெண் கருவியை ஒரு இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீனை உன் அப்பா பக்கம் திருப்பி, அதோ பாருங்க ஐயா, குடல்வால் நல்லா இருக்கு, ஒண்ணும் இல்ல, இது கல்லு, சிறுநீரகத்துலேருந்து இறங்கிப் பைக்குப் பக்கத்துல வந்து நிக்குது, பை நிறைஞ்சதாலதான் தெரியுது, சின்னதுதான், தானா வெளிய வந்துடும், ஆபரேஷன் வேண்டாம் என்றது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மழை பெய்கிற மாதிரி ஒரு சாம்பல் நிறம்தான். உன் அப்பா கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, ஆமா, பலகைக்குள்ள முடிச்சு மாதிரி என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணு. வெட்டாமல் வீட்டுக்குப் போகிறோம் என்று ஒரு அழுகை. முகம் தெரியாத யாரோ பெற்ற பெண் இருட்டில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்ததால் போகிறோம், நாளைக்கு நம் பெண்ணும் யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரரை இப்படித்தான் அனுப்பி வைப்பாள் என்று இன்னொரு அழுகை.

வெளியே வந்ததும் உன் அப்பா வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஸ்கேனுக்குக் காத்திருக்கிறவர்கள் உட்கார அங்கே ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்பு நாற்காலி வரிசைதான், அதிலும் ஒன்று உடைந்து கிடந்தது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி சுவரில் சாய்ந்து நின்றாள், ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்திருந்தார், எல்லோர் வயிற்றிலும் தண்ணீர். உன் அப்பா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். வலி வந்து சுருண்ட மனுஷன் அதை மட்டும் மறக்காமல் எடுத்து வந்திருக்கிறார் பார். வாட்ச்மேன், என்ன சார் பண்றீங்க என்று கேட்கக் கேட்கக் காதில் போட்டுக்கொள்ளாமல் சுவரை அளந்தார். வீட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தையை எழுப்பிவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அத்தை போட்டோ என்று ஆரம்பித்தாள், அறுக்கறவனுக்கு முன்னாடி பார்க்கறவ வேணும், உனக்கு என்ன தெரியும், போ என்றார். நான் அடுப்படியில் நின்று சிரித்த சிரிப்பு யாருக்கும் கேட்கவில்லை.

கல் இரண்டு நாள் கழித்து வெளியே வந்துவிட்டது. அதைப் பிடிக்க என் டீ வடிகட்டியைத்தான் எடுத்துப் போயிருக்கிறார், நான் புதுசு வாங்கிவிட்டேன், நீ வந்தால் பயப்படாமல் டீ குடிக்கலாம். கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். உன் மாமா அதை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த கல்லு என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நேற்று காலையில் பெஞ்சின் ஓரங்களை மறுபடி இழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றேன். தலையைத் தூக்காமலே, அவ சேரப்போற ஆஸ்பத்திரியில ஸ்கேன் ரூம் வாசல்ல சுவர் எவ்ளோ நீளம் இருக்கும் என்று கேட்டார். எந்த ஆஸ்பத்திரி என்றே அவள் இன்னும் முடிவு செய்யவில்லையே, நீங்கள் சரி சொல்லாமல் செய்யமாட்டாள் என்றேன். அப்ப சீக்கிரம் முடிவு பண்ணச் சொல்லு, டிரைவர்கிட்ட அடுத்த நடைக்கு லாரில இடம் கேட்டு வச்சிருக்கேன், பெஞ்சு எத்தனை நாள்தான் இங்க சும்மா கிடக்கும் என்றார். நீ அவர் வாயால் சரி வேண்டும் என்றாய். என் கல்யாணத்திலிருந்து நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன், சரி என்ற வார்த்தை அந்த வாயில் வந்ததில்லை கண்ணு. சரி என்றால் அவர் நீளம் அகலம் கேட்பார், அவ்வளவுதான். இந்த வீடு, என் தையல் மேஜை, உன் தொட்டில் எல்லாம் அப்படித்தான் வந்தது.

அதனால் பயப்படாமல் உனக்குப் பிடித்ததை முதலில் போடு. இருட்டில் வேலை என்பதால் கண்ணுக்கு அடிக்கடி ஓய்வு கொடு. நோயாளிகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லும்போது கூட வந்தவர்கள் குடிக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல். பெஞ்சுக்கு நான் மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறேன், என்ன நிறம் என்று சொல், வெள்ளை மட்டும் வேண்டாம். நீ நோயின்றி, மனக்குறையின்றி, நினைத்ததைச் செய்து நிறைவாக வாழ வேண்டும் என்று உன்னைப் பெற்ற இரண்டு பேரும் வாழ்த்துகிறோம், ஒருவர் வாயால், ஒருவர் டேப்பால்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

இதற்குக் கீழே உன் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார், நான் திருத்தவில்லை:

டாக்டரம்மாவுக்கு. சுவரை அளந்து எழுது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றும் பார். நிற்கிறவர்கள் நிறையப் பேர் என்றால் சொல், இன்னொரு பலகை இருக்கிறது. அப்பா.