தரையிலிருந்து தரைக்கு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் அம்மாவும் தங்கச்சியும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீயும் அப்படியே இருக்கணும்னுதான் கடையைத் திறக்கும்போதும் மூடும்போதும் நினைச்சுக்கிறேன். சலூன்ல கூட்டம் பரவாயில்ல, நின்னு நின்னு எனக்குத்தான் கால் வீங்குது, சாயங்காலமானா விரலை மடக்க முடியல. தங்கச்சி வேலைக்குப் போறா வர்றா, எது கேட்டாலும் ஒத்தை வார்த்தைல பதில்.

நீ மறுபடியும் இடம் மாறிட்டேன்னு எழுதினதுல இருந்து அம்மா ஒரே புலம்பல். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டான், மேலதிகாரியை எதிர்த்துப் பேசியிருப்பான், அதான் பந்தாடுறாங்கங்கிறா. போன தடவை அதிகாரியோட அனுசரிச்சுப் போன்னு நான் எழுதினது அவ சொல்லித்தான், நீ படிச்சுட்டுச் சிரிச்சிருப்ப. நம்ம கடைக்கு வர்ற பீரங்கிக்காரர், அதான் பட்டாளத்துல இருந்து ஓய்வு வாங்கினவர், நேத்து சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். டிவில, நீ லீவுல வந்தப்ப பட்டாளத்துல ஓட்டுறதா சொன்ன மாதிரியே ஒரு நீள லாரியைக் காட்டி, தரையிலிருந்து தரைக்குப் பாயும் ஏவுகணைன்னு சொன்னாங்க. அப்படின்னா என்னங்கன்னு கேட்டேன். முதல்ல சொல்றது எங்கிருந்து கிளம்புதுன்னு, அடுத்தது எதை அடிக்கன்னு, வானுக்குன்னா பறந்து வர்றதை, தரைக்குன்னா தரைல இருக்கிறதைன்னார். விட்ட உடனே லாரி அந்த இடத்தைக் காலி பண்ணிடணுமாம், இல்லன்னா எதிராளி கண்டுபிடிச்சு அங்கயே திருப்பி அடிப்பானாம். எனக்குக் கத்தி பிடிச்ச கை அப்படியே நின்னுடுச்சு. என்னை உசுரோட விடுய்யான்னு நுரையோட சிரிக்கிறார் மனுஷன். நீ ஏன் இடம் மாறிக்கிட்டே இருக்கேன்னு அப்பதான் எனக்கு உறைச்சது. பயமா இருக்குப்பா. அந்தப் பக்கத்துத் தரைலயும் யாராவது குடியிருப்பாங்களேன்னு நினைச்சா சோறு இறங்கல, இதை உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல.

அம்மாகிட்ட மூச்சு விடல. இப்பவும் பக்கத்துல துணி மடிச்சுக்கிட்டே, யார் காலைப் பிடிச்சாவது ஒரே இடத்துல நிலையா இருக்கப் பாருன்னு எழுதச் சொல்றா. எழுதிட்டேன்னு தலையாட்டிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரமான காலுறையைப் போட்டுக்கிட்டுத் திரியாதே, ரெண்டு வரியாவது பதில் போடு. நீ நல்லா இருப்ப ராசா, எங்க ஆயுசும் சேர்த்து உனக்கு. இந்த ஒரு விஷயத்துல மட்டும் அம்மா பேச்சைக் கேக்காதே. எங்கயும் நிக்காதே. விட்டதும் ஓடிடு.

உன் நினைப்பாவே இருக்கும்
அப்பா