ராணிக்கு இப்போது ஆபரேஷன் இல்லை

19 ஆகஸ்ட் 1984, ஞாயிறு

இன்று ஜெயித்தது நான்தான்.

ராணி ஆறு மாத அல்சேஷன் குட்டி. பெரிய சாதி நாய், எலும்பு முற்றவில்லை, முதல் பருவம் கழிந்த பிறகு கருப்பையை எடுக்கலாம் என்று செங்கம் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். மாமியாருக்குப் பொறுமையில்லை. கொழுந்தனார் சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போனதிலிருந்து எல்லாக் கோபமும் நாய்மேல்தான்.

"நாளைக்கே இட்னு போய் ஆபரேசன் பண்ணினு வாடா. தெரு நாயெல்லாம் வாசல்ல வந்து நின்னா இன்னா பண்ணுவ?" என்று மகனை ஏவினார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் தலையை ஆட்டினார்.

நான்தான் குறுக்கே பேசினேன். "வயித்துப்புள்ளக்காரி இருக்கிற வூட்ல எந்த உசுரு மேலயும் கத்தி படக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க, அத்தை?"

"ஆமா. இங்க யாரு வயித்துப்புள்ளக்காரி?"

"நான்தாங்க. மூணு மாசம்."

போன தடவை கலைந்துபோனதால் இந்த முறை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

சாயங்காலம் அத்தை தன் தட்டிலிருந்த களியைப் பிட்டு ராணிக்கு வைத்தார்.

"இவ பெத்து எழுந்ததும் உனக்குப் பாக்கலாம்டி. அதுவரைக்கும் ஒரு தெரு நாயி இந்த வாசப்படி ஏறட்டும், பாத்துக்கிறேன்."

விறகுக் கட்டிலிருந்து நல்ல தடியாக ஒன்றை உருவி, கதவோரம் சாத்தி வைத்திருக்கிறார்.