முன்பக்கக் கதவு வைத்த மெஷின்

திங்கள், இரவு.

"சார், நல்ல சப்பாத்து எது?" என்று வகுப்பில் ஒரு மாணவி முன்பு கேட்டாள். போட்டுக்கொள்ளும் காலைக் கேள் என்றேன். சொல்வது எளிது.

பழைய வாஷிங் மெஷின் நின்றுபோனதும் நம்பகமான ஒன்றைத் தேடினேன். மோட்டாருக்கு எத்தனை வருட உத்தரவாதம், உதிரிப் பாகம் ஈப்போவிலேயே கிடைக்குமா என்றெல்லாம் விசாரித்தேன். பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டேன். முன்பக்கம் கதவு வைத்ததே முதலாவதாக வந்தது; அதையே வாங்கினேன். துவைக்கப்போகும் மனைவி கமலாவை மட்டும் கேட்கவில்லை.

இன்று காலை கமலா பின்பக்கத் தொட்டியருகே நின்று என் சாரோங்கைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். மெஷின் சும்மா இருந்தது.

"ஏன், கெட்டுப் போச்சா?"

"அது நல்லாத்தான் இருக்குலா வாத்தியாரே. கதவு கீழ இருக்கு, குனிஞ்சு துணி எடுக்க என் முட்டிதான் மடங்க மாட்டேங்குது. வாங்குன மறுநாளே தெரிஞ்சிருச்சு."

"சொல்லியிருக்கலாமே?"

"சிலிபின் கடைங்க பூரா கேட்டு வாங்கியாந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் விரல்கள் சோப்பில் ஊறி வெளுத்திருந்தன. நானோ இத்தனை நாளும் வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் அந்த மெஷினைக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

இனி எந்த மாணவி கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்: மெஷின் வாங்கப் போகுமுன், ஈரத்துணி நிறைந்த வாளியைத் தரையில் வைத்து, வீட்டில் துவைப்பவரை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல். அவர் நிமிர்ந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிரு.